எண்பது சார்

வாங்க தம்பி, இப்படி நிழல்ல வந்து உக்காருங்க. அடுத்தது உங்க வண்டிதான். யாரும் குறுக்க வந்துட முடியாது, நான் இருக்கேன்ல. என் வண்டியில சார்ஜ் இப்ப எழுபத்தொண்ணுல நிக்குது. எண்பது ஆனதும் எடுத்துருவேன். அந்தச் செவத்துல லேமினேஷன் பண்ணி ஒட்டியிருக்கு பாருங்க, அது நான் எழுதினதுதான். பெரிய எழுத்துல, ‘எண்பது ஆனால் எடுத்துவிடவும்.’ கீழ சின்ன எழுத்துல மிச்சம். வண்டிக்குள்ள தெரியிற மாதிரி போன் நம்பர் எழுதி வைக்கணும். எண்பது ஆகுற வரைக்கும் அடுத்தவன் வண்டியில கை வைக்கக் கூடாது. எண்பது ஆயும் எடுக்கலைன்னா, காத்திருக்கிறவன் நிறுத்திக்கலாம். துண்டு போட்டு இடம் பிடிக்கக் கூடாது. அவ்வளவுதான். பெரிய சட்டமெல்லாம் இல்லை, மனுஷனா பொறந்தவனுக்குத் தானா தெரிய வேண்டியது.

பின் சீட்டுல யாரு, அம்மாவா? தூங்குறாங்களா. தூங்கட்டும். ஏசியை அணைச்சுட்டீங்கதானே? நல்லது, இருக்கிற கொஞ்ச சார்ஜும் அதுல போயிரும். கண்ணாடியை இறக்கி விடுங்க, பெரம்பலூர் காத்து எங்கயும் கிடைக்காது. திருச்சிக்குத்தானே? அறுபது கிலோமீட்டர். ஒரு மணி நேரம்.

சார்ஜ் போடுற ரெண்டாவது கன் வேலை செய்யாது தம்பி. அதைப் பிடிக்காதீங்க. ஏழு மாசமா அப்படியேதான் கிடக்கு, சாக்கைக் கட்டி வச்சிருக்காங்க. மேல துண்டு கிடக்குதேன்னு பார்க்கிறீங்களா? அதையும் தொட வேண்டாம். அதுக்கு ஒரு கதை இருக்கு. சொல்றேன், உக்காருங்க.

என் பேரு பூவராகன். ஆனா இந்த பைபாஸ்ல எண்பது சார்னு கேட்டாத்தான் யாருக்கும் தெரியும். அன்பா வச்ச பேரு. முப்பத்தோரு வருஷம் கரண்ட் ஆபீஸ்ல இருந்தவன் நான். கரண்டு பில் கட்டாத வீட்டுல பீஸ் கட்டையைப் பிடுங்குறது என் வேலை. உங்க வயசுக்கு அதைப் பார்த்திருக்க மாட்டீங்க. கதவைத் தட்டிக் கூப்பிட்டா ஒருத்தன் வெளிய வர மாட்டான். உள்ளேர்ந்து, அவர் ஊர்ல இல்லைங்கன்னு பொம்பளை குரல் மட்டும் வரும். பீஸைப் பிடுங்கிப் பாருங்க, ஃபேன் நிக்கிறதுக்குள்ள ஊர்ல இல்லாத ஆளு பனியனோட வாசல்ல நிப்பான். அந்த ஒரு விஷயத்தை நான் நல்லா கத்துக்கிட்டேன். வாயால சொன்னா மனுஷனுக்கு ஏறாது. நிறுத்தினாத்தான் ஏறும்.

ஒரு தடவை ஒரு வீட்டுல கல்யாணம் நடந்துக்கிட்டிருந்துச்சு. அது வேற கதை.

இந்த ஹோட்டல்காரர் சார்ஜர் வச்ச புதுசுல இங்க ஒரு ஒழுங்கு கிடையாது தம்பி. வண்டியைச் சொருகிட்டு உள்ள போயி சாப்பாடு, பீடா, குளியல் வரைக்கும் முடிச்சுட்டு வருவான். வண்டி நூறு ஆயி அரை மணி நேரம் ஆகியிருக்கும். எண்பது வரைக்கும் ஓடி ஓடி ஏறும், அதுக்கு மேல நொண்டும். பஸ்ஸுல மொத நாப்பது பேரு டக்குனு உக்காந்துருவான், கடைசி பத்துப் பேரு எங்க இடம்னு தேடிக்கிட்டே நிப்பான்ல, அந்த மாதிரி. கடைசி இருபதுக்கு ஆகுற நேரத்துல இன்னொருத்தன் வண்டி முக்கால்வாசி ஏறிரும். அதான் எண்பது. நான் சொன்னேன், எல்லாரும் ஒத்துக்கிட்டாங்க. உள்ளூர்ல வண்டி வச்சிருக்கிற பதினாலு பேரைச் சேர்த்து வாட்ஸப்புல குரூப்பும் நான்தான் ஆரம்பிச்சேன். ‘மின்வழி நண்பர்கள்.’ பேரும் நான் வச்சதுதான். பல் டாக்டர் நஸ்ரின், ஸ்டுடியோ மெய்யப்பன், இன்னும் வாத்தியாருங்க, வக்கீலுங்க, எல்லாம் படிச்சவங்க. யாராவது எண்பதைத் தாண்டினா வண்டியைப் படம் பிடிச்சு குரூப்புல போட்டுருவேன். ரெண்டு தடவை போட்டா மூணாவது தடவை மனுஷன் எழுபத்தொன்பதுலயே வந்து நிப்பான்.

போன சித்திரையிலதான் அந்தப் பொண்ணு வர ஆரம்பிச்சுது.

வளர்மதின்னு பேரு. முப்பத்தஞ்சு, முப்பத்தாறு வயசிருக்கும். பழைய சின்ன கார் ஒண்ணு, மெட்ராஸ் நம்பர். கூடப் பொறந்த தம்பியோட வண்டியாம், கொஞ்ச நாளைக்கு வாங்கிட்டு வந்திருக்காம். வண்டி ஓட்டுறதே புதுசுன்னு பார்த்தாலே தெரிஞ்சுது, ஸ்டியரிங்கை ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு வரும். பக்கத்துல புருஷன். கொளஞ்சின்னு பேரு. சித்திரை வெயில்ல கழுத்தைச் சுத்தித் துண்டு. கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு ஏசியில உக்காந்திருப்பாரு. மொத நாளு நானே போயி கண்ணாடியைத் தட்டி, எந்த ஊரு, புதுசா வர்றீங்களேன்னு மரியாதையாத்தான் கேட்டேன். ஆளு என்னைப் பார்த்துட்டுத் தலையை ஆட்டினாரு. வாயைத் தெறக்கலை. ரெண்டாவது நாளும் கேட்டேன். அப்பவும் தலைதான். எனக்குச் சுருக்குனு ஆயிருச்சு. நான் என்ன பிச்சையா கேட்டேன்? ஒரு வார்த்தை பேசினா முத்தா உதிர்ந்துரும்?

அப்புறம் அந்தத் துண்டு. காலையில ஒன்பதரைக்கு நான் வருவேன், தினம் வருவேன். அன்னைக்கு வந்து பார்த்தா கன் மேல ஒரு ஈரோட்டுத் துண்டு கிடக்கு. வண்டியைக் காணோம். டயருக்குக் காத்துப் பிடிக்கப் போயிருக்காங்களாம், இடம் பிடிச்சு வச்சிருக்காங்களாம். இது என்ன டவுன் பஸ்ஸா, ஜன்னல் வழியா துண்டைப் போட? எனக்கு உடம்பெல்லாம் எரிஞ்சுது. துண்டை எடுத்து அங்க குப்பைத் தொட்டி மேல தொங்க விட்டுட்டு என் வண்டியைச் சொருகினேன். அந்தப் பொண்ணு வந்து பார்த்துச்சு. துண்டை எடுத்து உதறி மடிச்சுப் புருஷன் கையில குடுத்துச்சு. அவரு வாங்கிக் கழுத்துல சுத்திக்கிட்டாரு. தொட்டி மேல கிடந்த துண்டைக் கழுத்துல சுத்துறாரேன்னு எனக்கே ஒரு மாதிரி ஆச்சு. வேற துண்டு இல்லையா வீட்டுல?

எழுபத்தெட்டு ஆயிருச்சா? பார்த்தீங்களா, பேசிக்கிட்டிருந்தா நேரம் போறதே தெரியாது.

என் வண்டி எண்பது ஆகுற வரைக்கும் அது வெயில்ல நின்னுக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து, இன்னும் எவ்வளவு நேரம் சார், இன்னும் எவ்வளவு நேரம் சார்னு கேட்டுச்சு. அப்பத்தான் அந்த வார்த்தையைச் சொல்லுச்சு. அதை அப்படியே சொல்றேன், கேளுங்க, நீங்களே தீர்ப்பு சொல்லுங்க.

“பதினொன்றரைக்குள்ள போகணும் சார். கரண்டு வைக்கணும்.”

நான் சொன்னேன், இங்க வர்ற எல்லாருக்கும் கரண்டுதாம்மா வைக்கணும், உனக்கு மட்டுமா. அதுக்கு அது சொல்லுது, “இல்லை சார், முப்பத்தஞ்சு தடவை விடாம வைக்கணும்னு சொல்லியிருக்காங்க. நடுவுல விட்டா முன்னாடி வச்சதெல்லாம் வீணாப் போயிருமாம்.”

தம்பி, நீங்க சிரிக்கலை. அன்னைக்கு நான் சிரிச்சேன். வண்டி விக்கிறவன் எவனோ இதுகிட்ட நல்லா கதை விட்டிருக்கான், முப்பத்தஞ்சு நாள் தொடர்ந்து சார்ஜ் ஏத்தினாத்தான் பேட்டரி பழகும்னு சொல்லி அனுப்பியிருக்கான்னு நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்பான். முப்பத்தோரு வருஷம் கரண்டுலயே கிடந்தவன் நான். கரண்டுன்னா எனக்கு ஒரே கரண்டுதான் தெரியும்.

சாயங்காலம் குரூப்புல ஒரு வாய்ஸ் போட்டேன். அந்தப் பொண்ணு பேசின மாதிரியே பேசி. ‘முப்பத்தஞ்சு தடவை வைக்கணும் சார், விட்டா வீணாப் போயிரும் சார்.’ எனக்கு மத்தவங்க மாதிரி பேச நல்லா வரும், ஆபீஸ்ல மேலதிகாரி எல்லாரையும் பேசிக் காட்டுவேன். குரூப்பே குலுங்கிப் போச்சு. சிரிக்கிற பொம்மை வரிசையா வந்து விழுது. மெய்யப்பன் பதினெட்டுப் பொம்மை போட்டாரு, நான் எண்ணினேன். அன்னையிலேர்ந்து அந்தப் பொண்ணுக்கு எங்களுக்குள்ள முப்பத்தஞ்சுன்னு பேரு.

அதுக்கப்புறம் அது ஒரு விளையாட்டா ஆயிருச்சு. வண்டி வந்து நின்னதும் யாராவது ஒருத்தர் முகத்தை சீரியஸா வச்சுக்கிட்டுக் கேட்பாங்க, என்னம்மா, இன்னைக்கு எத்தனையாவது? அது மரியாதையாப் பதில் சொல்லும். ஒன்பதாவது சார். பதினொண்ணு ஆச்சு சார். மெய்யப்பன் ஒரு நாளு, ஏதாவது முன்னேற்றம் தெரியுதாம்மான்னு கேட்டுட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு, தோளு குலுங்குது. அந்தப் பொண்ணு, கொஞ்சம் தெரியுது சார், நேத்து ரெண்டு இட்லி இறங்குச்சுன்னு சொல்லுச்சு. நாங்க அதுக்கும் சிரிச்சோம். இட்லி எங்கேர்ந்து வந்துச்சுன்னு யாருமே யோசிக்கலை. நான் மட்டுமா யோசிக்கலை? யாருமே யோசிக்கலை.

பதினாறாவது நாளுன்னு நினைக்கிறேன். அது எங்கிட்ட வந்து, “நீங்கள்லாம் தினம் விசாரிக்கிறீங்க சார். சொந்தக்காரங்ககூடக் கேட்கலை. அவருக்குத் தெம்பா இருக்கு”ன்னு சொல்லிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டுச்சு. காருக்குள்ளேர்ந்து அந்த ஆளும் கும்பிட்டாரு. எனக்குச் சிரிப்பை அடக்க முடியலை தம்பி. ஹோட்டலுக்குள்ள போயிட்டேன்.

எண்பதா? ஆமா, ஆயிருச்சு. இருங்க, கதை நடுவுல நிக்குது, எழுந்திரிச்சா அத்து போயிரும். ரெண்டு நிமிஷம்.

இப்ப பிரச்சினை என்னன்னா, அந்த வண்டி பழசு. நூறு ஏத்தினாத்தான் திருச்சி போயிட்டுத் திரும்ப வரும், அதுவும் மட்டு மட்டா. எண்பதுல போனா ஏசியை அணைச்சுட்டு, உருட்டிக்கிட்டே வரணும், வந்து சேர்றதும் நிச்சயம் இல்லை. அதை அந்தப் பொண்ணு என்கிட்ட சொல்லுச்சு, இல்லைன்னு சொல்லலை. வீட்டுல ஏத்திக்க வேண்டியதுதானேன்னு கேட்டேன். மாடியில வாடகைக்கு இருக்காங்களாம், வீட்டுக்காரம்மா ஒயர் இறக்க விட மாட்டேங்குதாம். திருச்சியில ஏத்திக்கயேன்னேன். அங்க வரிசையில நின்னா மத்தியான வெயில் ஆயிரும், அவரால வெயில் தாங்க முடியாது, வச்சுட்டு உடனே திரும்பிரணும்னு சொல்லுச்சு. வெயில் யாருக்குத்தான் தாங்குது? ஒருத்தருக்கு நூறு குடுத்தா நாளைக்கு எல்லாரும் ஒரு காரணத்தோட வருவான். சட்டத்துல ஒரு ஓட்டை போட்டா அப்புறம் ஓட்டைதான் இருக்கும், சட்டம் இருக்காது. நான் முடியாதுன்னுட்டேன். அதுக்கப்புறம் எனக்கு முன்னாடி வர ஆரம்பிச்சுது, எட்டரைக்கே. நூறு ஏத்திக்கிட்டு நான் வர்றதுக்குள்ள போயிரும்.

அது எனக்குத் தெரிஞ்சப்ப எப்படி இருந்திருக்கும், சொல்லுங்க. எனக்குத் தெரியாம, என் சட்டத்துக்கு முதுகுக்குப் பின்னால.

நான் ஒன்பது மணிக்கே வர ஆரம்பிச்சேன்.

அன்னைக்கு இருபத்திரண்டாவது. கத்திரி வெயில். வந்து பார்த்தா வண்டி எண்பத்திமூணுல நிக்குது. அந்தப் பொண்ணு உள்ள கஞ்சி வாங்கப் போயிருக்கு, ஆளு மட்டும் முன் சீட்டுல. எனக்குப் பின்னாடி யாரும் காத்திருக்கலைதான். ஆனா நான் காத்திருக்கேன்ல? நான் மனுஷன் இல்லையா? அந்த மிஷின்ல சிவப்பா ஒரு பொத்தான் இருக்கு பாருங்க, அவசரத்துக்கு அமுக்குறது. அமுக்கினேன். நின்னுச்சு. கன்னைப் பிடுங்கினேன். அந்தச் சத்தம் இருக்கே தம்பி, டக்குனு ஒரு சத்தம், பழைய பீஸ் கட்டையைப் பிடுங்கின மாதிரியே இருக்கும்.

பீஸைப் பிடுங்கினா ஆளு வெளிய வருவான்னு சொன்னேன்ல. வந்தாரு. கதவைத் தெறந்துக்கிட்டு வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டாரு. கை எலும்பாத்தான் இருந்துச்சு. நான், வாயைத் தெறந்து பேசுய்யா, இத்தனை நாளா கேட்ட கேள்விக்கு ஒரு பதில் சொன்னதில்லை, இப்ப மட்டும் கையைப் பிடிக்கிறியான்னு கேட்டேன். அவரு வாயைத் தெறந்தாரு. காத்துதான் வந்துச்சு. சத்தம் இல்லை. மறுபடி தெறந்தாரு. அப்புறம் கையை விட்டுட்டுக் கழுத்துத் துண்டை எடுத்துக் காட்டினாரு. தோலு கருகியிருந்துச்சு. அடுப்புல வாட்டின கத்திரிக்காய் மாதிரி, அங்கங்க உரிஞ்சு உள்ள சிவப்பா தெரிஞ்சுது.

நான் பார்த்தேன். பார்க்கலைன்னு சொல்ல மாட்டேன். ஏதோ தீக்காயம்னு நினைச்சேன். அதுக்குள்ள கன்னு என் கையில இருந்துச்சு, என் வண்டி பக்கத்துல நிக்குது. பிடுங்கினதை மறுபடி சொருகினா அப்புறம் என்ன மரியாதை? முப்பத்தோரு வருஷத்துல பிடுங்கின பீஸை நானா போட்டதே இல்லை.

அந்தப் பொண்ணு கஞ்சித் தூக்கோட ஓடி வந்துச்சு. சண்டை போடும்னு நினைச்சேன். போடலை. புருஷன் கழுத்துல துண்டை மெதுவா போர்த்தி விட்டுச்சு. வண்டி மீட்டரைப் பார்த்துச்சு. என்னைப் பார்த்துச்சு. “நேரமாச்சு சார், நாங்க வர்றோம்”னு சொல்லிட்டு வண்டியை எடுத்துச்சு. கண்ணாடியெல்லாம் இறக்கி விட்டிருந்துச்சு, ஏசியை அப்பவே அணைச்சுருச்சு போல.

போற வரைக்கும் போயிட்டாங்க. திரும்பும்போது பாடாலூர் தாண்டி வண்டி நின்னுருச்சாம். மத்தியானம் ரெண்டு மணி. ரோட்டுல ஒரு மரம் இல்லை, நாலு வழிச்சாலை போட்டப்ப வெட்டினது. ஒன்றரை மணி நேரம். இந்த நூத்தெட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டியதுதானே? கூப்பிட்டுச்சாம், வந்துச்சாம். அதுக்குள்ள ஆளுக்கு நினைவு தப்பிருச்சு. புண்ணுல சீழ் வச்சு, ஜுரம் வந்து, ஆஸ்பத்திரியில பன்னெண்டு நாளு. கரண்டை நிறுத்திட்டாங்க. அப்புறம் மறுபடி ஆரம்பிக்கலாம்னு சொன்னப்ப அந்த ஆளே வேண்டாம்னு கையை ஆட்டிட்டாராம். ஆடி மாசம் போயிட்டாரு.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்னு கேட்கிறீங்களா? நஸ்ரின் டாக்டர்தான். அந்தம்மா குரூப்புல எதையும் கேட்கிறதே இல்லை, அத்தனை வாய்ஸும் கேட்காமலே கிடந்திருக்கு. ஆஸ்பத்திரியில அந்த ஆளை யதேச்சையா பார்த்திருக்காங்க. வந்து குரூப்புல மேல வரைக்கும் எல்லாத்தையும் கேட்டிருக்காங்க. அப்புறம் எழுதினாங்க. அது இன்னும் எனக்கு மனப்பாடம். “கரண்டு வைக்கிறதுன்னா கதிர்வீச்சு. அவருக்குத் தொண்டையில புற்றுநோய். முப்பத்தஞ்சு தடவைன்னு அந்தப் பொண்ணு உங்க எல்லார்கிட்டயும் சொல்லியிருக்கு.” அவ்வளவுதான் எழுதியிருந்தாங்க. வெங்காய மண்டியில ஏலம் கூவுறவராம் அந்த ஆளு. அவரு கூவினா பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்குமாம். எனக்கு எப்படித் தெரியும்?

கதிர்வீச்சுன்னு நல்ல தமிழ் வார்த்தை இருக்கு. அதைச் சொல்லியிருந்தா எனக்குப் புரிஞ்சிருக்காதா? கேன்சர்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் என்ன மிருகமா? அந்தப் பொண்ணு சொல்லியிருக்கணும். சொல்லாதது யார் தப்பு? எங்க எல்லாருக்கும் தெரியும்னு நினைச்சுக்கிட்டுச்சாம். தெரிஞ்சுதான் தினம் விசாரிக்கிறோம்னு நினைச்சுக்கிட்டுச்சாம்.

இப்ப கேளுங்க, என் வயித்தெரிச்சலை. டாக்டரம்மா எழுதின அரை மணி நேரத்துல குரூப்புல இருந்த சிரிப்புப் பொம்மையெல்லாம் காணோம். ஒவ்வொருத்தனா அழிச்சுட்டான். மெய்யப்பன் பதினெட்டையும் அழிச்சுட்டாரு. என் வாய்ஸ் மட்டும் நடுவுல தனியா நிக்குது. எனக்கு அழிக்கத் தெரியலை தம்பி, இந்த வயசுல எங்க கத்துக்கிறது. யாரோ தேள் கொட்டின மாதிரி, இந்த மனுஷனுக்கு ஈவு இரக்கம் இருக்கான்னு எழுதினான். இன்னொருத்தன் ஆமான்னான். மறுநாள் காலையில பார்க்கிறேன், என்னைக் குரூப்புல இருந்து எடுத்துட்டாங்க. நான் ஆரம்பிச்ச குரூப்பு. நான் பேரு வச்ச குரூப்பு. பதினாலு பேரு சிரிச்சோம், ஒருத்தன் மட்டும் கொலைகாரன். இதுக்குப் பேரு நியாயமா? இப்ப இங்க வந்தா யாரும் பேசுறதில்லை. மெய்யப்பன் என் வண்டியைப் பார்த்தா அப்படியே திருப்பிக்கிட்டுப் போயிர்றாரு. அதான் உங்களை மாதிரி வெளியூர்க்காரங்க வந்தா நான் நாலு வார்த்தை பேசுறது.

தொண்ணூத்தி ரெண்டா? அடடே. சரி, பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டேன். இவ்வளவு ஏறினதை இனிமே எடுத்து என்ன ஆகப் போகுது. எனக்கென்ன அவசரம்னு கேட்காதீங்க. எனக்கு எங்கயும் போக வேண்டியதில்லைதான். வீட்டுலயே சார்ஜர் இருக்கு, மாடியில சோலார் போட்டிருக்கேன். ஆனா வீட்டுல சொருகிட்டு யாரோட பேசுறது, செவத்தோடயா? சம்சாரம் போயி ஆறு வருஷமாச்சு. இங்க வந்தா நாலு ஜனம்.

டாக்டரம்மாவை ஒரு நாளு வழிமறிச்சுக் கேட்டேன், அந்த ஒரு நாளு நான் பிடுங்கலைன்னா அவரு பொழைச்சிருப்பாரான்னு. சொல்ல முடியாது சார், கஷ்டமான கட்டம்தான், பொழைக்காமலும் போயிருக்கலாம்னு சொன்னாங்க. பார்த்தீங்களா? படிச்ச டாக்டரே சொல்றாங்க. நான் அதை எல்லார்கிட்டயும் சொல்றேன்.

புரட்டாசியில அந்தப் பொண்ணு ஒரு தடவை வந்துச்சு. கடைசியா. நான் இங்கதான் உக்காந்திருந்தேன், இதே நாற்காலி. நெத்தியில பொட்டு இல்லை. பக்கத்து சீட்டுல யாரும் இல்லை, அந்த சீட்டுல துண்டு மடிச்சு வச்சிருந்துச்சு. வண்டியைச் சொருகுச்சு. எனக்கு எழுந்து போயிரலாம்னுதான் இருந்துச்சு, ஆனா நான் ஏன் போகணும்? உக்காந்தேன். அது கார் பக்கத்துலயே நின்னுச்சு. மிஷினைப் பார்த்துக்கிட்டே நின்னுச்சு, கண்ணை எடுக்கலை. நான், ஏம்மா, இன்னைக்கு நூறு ஏத்திக்க, யாரும் வரலைன்னு சொன்னேன். நானா சொன்னேன் தம்பி. என் வாயால.

சரியா எண்பது. அந்தப் பொண்ணே நிறுத்துச்சு, கன்னையும் அதுவே எடுத்துச்சு. எடுத்து மிஷின்ல மாட்டலை. என் முன்னாடி கொண்டு வந்து ரெண்டு கையாலயும் நீட்டுச்சு, தாம்பூலத் தட்டு நீட்டுற மாதிரி.

“எண்பது ஆயிருச்சு சார். தம்பி திருச்சி வரைக்கும் வந்திருக்கான், அவன்கிட்ட வண்டியை விடப் போறேன். திரும்பி வர வேண்டியதில்லை, இது போதும்.”

நான் வாங்கிக்கிட்டேன். வேற என்ன செய்யிறது? அப்புறம் அது காருக்குள்ளேர்ந்து அந்தத் துண்டை எடுத்துச்சு. அந்த ரெண்டாவது கன்னு இருக்கில்ல, வேலை செய்யாதது, அது மேல விரிச்சுப் போட்டுச்சு. ஓரத்தை நல்லா இழுத்து விட்டுச்சு, காத்துல விழுந்துராம. என்னைத் திரும்பிப் பார்த்துட்டு வண்டியில ஏறிப் போயிருச்சு.

பார்த்தீங்களா, கடைசியில அந்தப் பொண்ணும் சட்டத்தைக் கத்துக்கிச்சு. எண்பதுல எடுத்துருச்சு. ஆனா துண்டு மட்டும் போடக் கூடாதுன்னு எழுதியிருக்கேன், அதை மீறிருச்சு. யாருக்கு இடம் பிடிச்சு வச்சுட்டுப் போச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியலை. ஹோட்டல்ல கூட்டுற அம்மா அதைத் தொட மாட்டேங்குது. நான் ஒரு நாளு எடுத்து எறிஞ்சுரலாம்னு போனேன். கை வரலை. மழை பெஞ்சு நனைஞ்சா நான்தான் எடுத்துக் காய வச்சு மறுபடி போடுறேன். ஏன்னு கேட்காதீங்க.

எங்க தம்பி எழுந்துட்டீங்க? அம்மா முழிச்சுட்டாங்களா? தண்ணி குடுங்க, ஹோட்டல்ல வெந்நீர் கேட்டா குடுப்பாங்க. ரொம்ப வியர்த்திருக்கு அவங்களுக்கு. இவ்வளவு நேரம் பேசினோம், திருச்சிக்கு எதுக்குப் போறீங்கன்னு நான் கேட்கவே இல்லை பாருங்க.

சரி, அது நமக்கெதுக்கு. தொண்ணூத்தொன்பது ஆயிருச்சு. இன்னும் ஒண்ணுதான், உக்காருங்க.